அட்மின் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனையோ கூட்டுறவு வங்கியோ ரான்சம்வேரில் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மென்பொருளில்) சிக்கி முடங்கியது என்று செய்தி வந்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும்: ஆன்ட்டிவைரஸ் இருந்ததா, பேக்கப் எடுத்து வைத்தார்களா. இரண்டும் கேட்க வேண்டியவைதான். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அந்த அலுவலகத்துக் கணினிகளில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில், அதாவது கணினியில் எதையும் மாற்ற உரிமையுள்ள 'அட்மின்' கணக்குகளின் பட்டியலில், யார் யார் இருந்தார்கள்? ஒரு மேசையில் ஆரம்பித்த தொல்லை அந்த மேசையோடு நிற்குமா, கட்டடம் முழுக்கப் பரவுமா என்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலைப் பொறுத்தது. விண்டோஸ் டொமைன் (எல்லாக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரு மையச் சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) வைத்து நடக்கும் நடுத்தர அலுவலகங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். வங்கி, மருத்துவமனை, கல்லூரி, நூற்பாலை என்று நம் பக்கத்தில் பரவலாக இருப்பது அதுதான்.

2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் புறப்பட்ட நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் இதற்குத் தெளிவான சாட்சி. புகுந்த கணினியின் நினைவகத்தில் கிடந்த அட்மின் லாகின் விவரங்களை அது திருடியது. பிறகு பிஎஸ்எக்ஸெக், டபிள்யூஎம்ஐ என்று நிர்வாகிகள் தினமும் பயன்படுத்தும் கருவிகளைக் கொண்டே அடுத்த கணினிக்குள் போனது. அதனால் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்த கணினிகளும் தப்பவில்லை. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையத்திலும் வேலை பாதிக்கப்பட்டது. ஆன்ட்டிவைரஸ் வாங்கும் செலவில் இதைத் தடுத்திருக்க முடியாது. திருடப்பட்ட லாகினுக்கு அடுத்த கணினியில் அட்மின் உரிமை இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பாதையாவது அடைபட்டிருக்கும்.

உங்கள் அலுவலகத்தில் ஏதாவது ஒரு கணினியில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ், அதற்குள் குரூப்ஸ், அதில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்று போய்ப் பாருங்கள். சில ஆண்டுகள் ஓடிய கணினி என்றால் பட்டியல் அநேகமாக இப்படி இருக்கும். முதலில், விண்டோஸே உருவாக்கிய அட்மினிஸ்ட்ரேட்டர். அடுத்து, கணினியை விற்ற கடைக்காரர் போட்ட 'அட்மின்' அல்லது 'யூசர்' என்ற கணக்கு. விண்டோஸ் நிறுவும்போது உருவாக்கும் முதல் கணக்கு தானாகவே அட்மின் ஆகிவிடும். அடுத்து டொமைன் அட்மின்ஸ், அதாவது டொமைன் முழுமைக்கும் அட்மின் உரிமை உள்ள குழு. கணினியை டொமைனில் சேர்த்த கணமே இது வந்து உட்கார்ந்துவிடும். அதற்குக் கீழே கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரின் பெயர். மென்பொருள் நிறுவ ஆள் வந்தபோது 'ரெண்டு நாளைக்குத்தான்' என்று சேர்த்தது. கடைசியில், பெயரே இல்லாமல் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் வரிசை; ஒரு கணக்கை விண்டோஸ் உள்ளுக்குள் அடையாளம் காணும் எண் அது.

அந்த எண் வரிசையைப் பார்த்த உடனே நீக்கிவிடக் கூடாது. நீக்கப்பட்ட கணக்கின் மிச்சமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் டொமைன் கன்ட்ரோலரோடு (டொமைனை நடத்தும் சர்வரோடு) தொடர்பு அறுந்திருந்ததால், உயிரோடிருக்கும் கணக்கே எண்ணாகத் தெரிவதாகவும் இருக்கலாம். நெட்வொர்க் சரியாக இருப்பதை உறுதி செய்து மறுபடி திறக்க வேண்டும். அப்போதும் எண்ணாகவே நின்றால் நீக்கலாம். எஸ்-1-12-1 என்று தொடங்கினால் கதை வேறு. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் அடையாளச் சேவையில் சேர்ந்த கணினிகளில் குளோபல் அட்மினிஸ்ட்ரேட்டர் போன்ற பொறுப்புகள் அந்த வடிவில்தான் காட்சி தரும்; அதில் கை வைக்கக் கூடாது. இப்படிச் செத்த எண்கள் பட்டியலில் இருக்கும்வரை, பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியில் உறுப்பினர்களைக் கேட்கும் கட்டளை பட்டியலைத் தராமல் பிழையோடு நின்றுவிடுவதுண்டு. நூறு கணினிகளில் ஸ்கிரிப்ட் ஓட்டி, பிழை வந்தவற்றை 'அப்புறம் பார்ப்போம்' என்று ஒதுக்கினால், முதலில் பார்க்க வேண்டிய கணினிகளே ஒதுங்கிப் போகும்.

பெயர்களை நீக்குவது எளிது. அவை ஏன் உள்ளே வந்தன என்பதைச் சரி செய்யாவிட்டால் ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிடும். பெரும்பாலும் காரணம் ஒரு பழைய கணக்கு மென்பொருள். அது தன் தரவுக் கோப்புகளைப் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும்; சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. பழைய 32 பிட் மென்பொருள் தடுமாறாமல் இருக்க விண்டோஸ் ஒரு வேலை செய்கிறது: எழுத வந்ததைத் தடுக்காமல், அந்த யூசரின் ஆப்டேட்டாவுக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பி விடுகிறது. இதன் விளைவை அலுவலகத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். காலையில் ஒருவர் போட்ட பில் மாலை ஷிஃப்டில் அதே கணினியில் உட்காருபவருக்குத் தெரியாது. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால் மூன்றாவதாக ஒரு தரவு தெரியும். உடனே, எல்லோரையும் அட்மினாக்கி எப்போதும் அப்படியே திறக்கச் சொல்லுங்கள் என்று போனில் தீர்வு வரும். பில் தெரிய ஆரம்பிக்கும். அத்தோடு, அந்தக் கணினியில் மின்னஞ்சல் பார்க்கும் எல்லோரும் ஆன்ட்டிவைரஸை நிறுத்தவும், பதிவேடுகளை அழிக்கவும், நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டு விவரங்களை உருவவும் முயலக்கூடிய நிலைக்கு வந்திருப்பார்கள்.

சரியான வைத்தியம் வேறு. மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பிராசஸ் மானிட்டரை அட்மின் கணக்கில் ஓட்டி, மென்பொருளைச் சாதாரண யூசராகத் திறந்து, 'ஆக்சஸ் டினைட்' என்று வரும் வரிகளையும் விர்ச்சுவல்ஸ்டோருக்குத் திருப்பி விடப்பட்ட வரிகளையும் மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எந்த ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டில்) எந்த இடம் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். அநேகமாக ஒன்றிரண்டு இடங்கள்தான் இருக்கும். தரவுக்கென்று தனி ஃபோல்டரைக் காட்ட மென்பொருளில் வசதி இருந்தால் அதைப் புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே வைத்து, கணக்குப் பிரிவுக்கென ஒரு டொமைன் குழு உருவாக்கி, அந்தக் குழுவுக்கு அந்த ஃபோல்டரில் 'மாடிஃபை' அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது. விர்ச்சுவல்ஸ்டோரில் சிதறிக் கிடக்கும் பழைய தரவை ஒன்றுசேர்க்காமல் இதைச் செய்தால் 'பில் காணோம்' என்று மறுநாளே புகார் வரும். எந்தப் பிரதியில் கடைசிப் பதிவு இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தரவு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி தராமல், சோம்பலில் மென்பொருளின் மொத்த ஃபோல்டருக்கும் மாடிஃபை கொடுத்துவிடுவார்கள். அந்த ஃபோல்டரிலிருந்து ஏதாவது ஒரு சர்வீஸ் (பின்னணியில் தானே ஓடும் மென்பொருள்), எல்லா உரிமையும் உள்ள 'சிஸ்டம்' கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், அதன் இஎக்ஸ்இ கோப்பை யூசர் மாற்றி வைத்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் போதும், கணினி அவர் கையில். குழுவிலிருந்து பெயரை எடுத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தது போல ஆகிவிடும். இஎக்ஸ்இ, டிஎல்எல் போன்ற இயங்கும் கோப்புகள் இருக்கும் இடத்தில் யூசருக்கு எழுதும் அனுமதி இருக்கவே கூடாது.

அட்மின் பாஸ்வேர்டைச் சொல்லாமல் வேலை நடக்கட்டும் என்று சிலர் ரன்ஆஸ் கட்டளையில் சேவ்கிரெட் (லாகினைச் சேமித்து வைக்கும் விருப்பம்) சேர்த்து டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்துக் கொடுக்கிறார்கள். அதில் சேமிக்கப்படும் லாகின் அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. அதே யூசர் அதே கட்டளையால் கமாண்ட் பிராம்ப்ட் உட்பட எதையும் அட்மினாகத் திறக்கலாம். இதைத் தீர்வு என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பிரிண்டரும் ஒரு காரணம். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளியான பிறகு, அந்த ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து சர்வர் வழியாகப் பிரிண்டர் டிரைவர் நிறுவ அட்மின் உரிமை தேவை என்று மைக்ரோசாஃப்ட் மாற்றியது. புதுப் பிரிண்டர் வந்த அலுவலகங்களில் யூசர் பெயர்கள் அட்மின் குழுவுக்குள் போனதற்கும், அந்தக் கட்டுப்பாட்டையே ரெஜிஸ்ட்ரியில் அணைத்து வைத்ததற்கும் இது காரணமானது. டிரைவரை ஒரு தடவை எல்லாக் கணினிகளிலும் அட்மினே ஏற்றிவிட்டால் அதன்பிறகு யூசர் பிரிண்டரை இணைத்துக்கொள்ளலாம். டெண்டருக்கும் வரித் தாக்கலுக்கும் பயன்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களும் அப்படித்தான். டிரைவர் நிறுவத்தான் அட்மின் உரிமை வேண்டும். கையொப்பமிட அது பெரும்பாலும் தேவைப்படாது.

இனி, எல்லாக் கணினியிலும் லோக்கல் அட்மினுக்கு (அந்தக் கணினிக்கு மட்டுமான அட்மின் கணக்குக்கு) ஒரே பாஸ்வேர்டு. இது இல்லாத அலுவலகம் அபூர்வம். ஒரு கணினியில் பாஸ்வேர்டின் ஹாஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டுச் சேமித்த மாற்று வடிவம்) கிடைத்தால் போதும், பாஸ்வேர்டு என்ன என்று தெரியாமலேயே அந்த ஹாஷைக் காட்டி மற்றக் கணினிகளுக்குள் போகலாம். விண்டோஸ் தானாக உருவாக்கிய அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு, மற்ற லோக்கல் அட்மின் கணக்குகளுக்கு யுஏசி (அட்மின் உரிமையைக் கேட்டு அனுமதிக்கும் விண்டோஸ் காவல்) வைத்திருக்கும் நெட்வொர்க் கட்டுப்பாட்டுக்குள் இயல்பாக வராது என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். இதற்காகவே லேப்ஸ் என்ற வசதி 2015-லிருந்து தனியாகக் கிடைத்தது. 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. சர்வர் 2019, 2022-க்கும் உண்டு. தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒரு பாஸ்வேர்டை உருவாக்கி ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குகளும் கணினிகளும் பதிவாகும் மையப் பதிவேட்டில்) தன் பதிவில் எழுதி வைக்கும். இயல்பு நிலையில் நீளம் 14 எழுத்து, ஆயுள் 30 நாள்.

நிறுவும்போது ஆக்டிவ் டைரக்டரியின் ஸ்கீமாவை (அதன் பதிவுகளின் கட்டமைப்பை) ஒரு தடவை விரிவாக்க வேண்டும். கணினிகள் இருக்கும் ஓயூவில் (ஆக்டிவ் டைரக்டரியில் கணினிகளைப் பிரித்து வைக்கும் பிரிவில்), கணினி தன் பாஸ்வேர்டைத் தானே எழுத அனுமதி தர வேண்டும். பிறகு, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அமைப்பை அனுப்பும் குரூப் பாலிசியில் இதை இயக்க வேண்டும். இதில் விட்டுப்போவது, அந்தப் பாஸ்வேர்டை யார் படிக்கலாம் என்பதைப் பார்ப்பது. அந்த ஓயூவில் முன்பு எப்போதோ யாருக்கோ 'ஆல் எக்ஸ்டெண்டட் ரைட்ஸ்' கொடுத்திருந்தால் அவர்களும் படிக்கலாம். லேப்ஸோடு வரும் கட்டளைகளில் இதைக் காட்டுவதற்கென்றே ஒன்று உண்டு. பாஸ்வேர்டை மறையாக்கம் செய்து வைக்க டொமைன் ஃபங்ஷனல் லெவல் (டொமைன் எந்தச் சர்வர் பதிப்பின் வசதிகளோடு இயங்குகிறது என்பது) 2016 ஆக இருக்க வேண்டும். பழைய லெவலில் நிற்கும் டொமைன்களில் அது படிக்கும் வடிவிலேயே இருக்கும்; அங்கே அனுமதிப் பட்டியல் மட்டுமே காவல். கூடவே, லோக்கல் அட்மின் கணக்குகள் நெட்வொர்க் வழியாகவும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவும் உள்ளே வருவதைக் குரூப் பாலிசியில் தடுத்துவிட்டால், ஹாஷைத் திருடியவனுக்கு அதை வைத்துப் போக இடமிருக்காது.

டொமைன் அட்மின் கணக்கு இதைவிடப் பெரிய விஷயம். அந்தக் கணக்கால் ஒரு சாதாரண மேசைக் கணினியில் லாகின் செய்தால், லாகின் விவரம் அந்தக் கணினியின் நினைவகத்தில் தங்கும். அந்தக் கணினியில் யாரெல்லாம் லோக்கல் அட்மினோ அவர்களுக்கெல்லாம் மொத்த டொமைனும் எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். பிரிண்டர் சரி செய்யப் போன இடத்தில் டொமைன் அட்மினாக நுழைவதுதான் நடைமுறையில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்போம். இதை அறிவுரையாகச் சொல்லிப் பயனில்லை, பூட்டே போட வேண்டும். மேசைக் கணினிகளுக்கான பாலிசியில் யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட் பகுதியில், நேரடி லாகின், ரிமோட் டெஸ்க்டாப், பேட்ச் ஜாப் (டாஸ்க் ஷெட்யூலரில் தானாக ஓடும் வேலை), சர்வீஸ் ஆகிய நான்குக்கும் உரிய 'டினை' வரிகளில் டொமைன் அட்மின்ஸையும் என்டர்பிரைஸ் அட்மின்ஸையும் சேருங்கள். மேசைக் கணினிகளைக் கவனிக்க வேறொரு குழு இருக்கட்டும். அதற்குச் சர்வர்களில் எந்த உரிமையும் வேண்டாம். இந்தப் பாலிசியை டொமைன் கன்ட்ரோலர்கள் இருக்கும் ஓயூவில் தவறிப்போய் இணைத்தால் சர்வருக்குள் போக முடியாமல் வெளியே நிற்க நேரும். முதலில் இரண்டு மூன்று கணினிகள் உள்ள சோதனை ஓயூவில் போட்டுப் பாருங்கள்.

நிர்வாக வேலை பார்ப்பவருக்கு இரண்டு கணக்கு அவசியம். மின்னஞ்சல், இணையம், விடுப்பு விண்ணப்பம் எல்லாம் சாதாரணக் கணக்கில். அட்மின் கணக்குக்கு மின்னஞ்சல் பெட்டியே இருக்கக் கூடாது. அட்மின் கணக்குகளை புரொடெக்டெட் யூசர்ஸ் குழுவில் சேர்த்தால் என்டிஎல்எம் என்ற பழைய லாகின் முறை நின்றுபோகும், கெர்பரோஸ் (டொமைனின் இப்போதைய லாகின் முறை) தரும் டிக்கெட்டின் ஆயுள் 4 மணி நேரமாகக் குறையும், டொமைன் கன்ட்ரோலர் கிடைக்காதபோது சேமித்த லாகினால் உள்ளே வரவும் முடியாது. சர்வீஸ் கணக்குகளை அதில் சேர்த்தால் வேலை உடையும். அவசரத்துக்கு என்று வைத்திருக்கும் கணக்கையும் சேர்க்க வேண்டாம்.

டொமைன் அட்மின்ஸில் மூன்றே பெயர்தான் என்று திருப்திப்படுவதற்கு முன் வேறு சில இடங்களையும் பாருங்கள். குழுவுக்குள் குழு இருந்தால் மேலோட்டமான பட்டியலில் ஆட்களின் பெயர் தெரியாது. உள்ளே உள்ள குழுக்களையும் விரித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். டொமைனில் பேக்கப் ஆபரேட்டர்ஸ் குழுவில் இருப்பவர் டொமைன் கன்ட்ரோலரில் எந்தக் கோப்பையும் அனுமதி பார்க்காமல் படிக்கலாம். அதில் எல்லோருடைய பாஸ்வேர்டு ஹாஷும் இருக்கும் டேட்டாபேஸும் அடக்கம். அக்கவுண்ட், சர்வர், பிரிண்ட் ஆபரேட்டர்ஸ் குழுக்கள் பெரும்பாலான அலுவலகங்களில் காலியாகவே இருக்கலாம். டொமைன் கன்ட்ரோலர்களோடு இணைந்த குரூப் பாலிசியைத் திருத்தும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவரும், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும், டொமைன் அட்மின்தான்.

குழுவின் உறுப்பினர்களைப் பாலிசியாலேயே கட்டுப்படுத்த ரெஸ்ட்ரிக்டெட் குரூப்ஸ் என்ற வசதி பழையது, உறுதியானது. அதில் இரண்டு பெட்டிகள் உண்டு. 'மெம்பர்ஸ் ஆஃப் திஸ் குரூப்' பெட்டியில் எழுதினால், அதில் உள்ளவர்கள் மட்டுமே இருப்பார்கள். விண்டோஸே உருவாக்கிய அட்மினிஸ்ட்ரேட்டரைத் தவிர மற்ற எல்லோரையும் விண்டோஸ் வெளியேற்றிவிடும். 'திஸ் குரூப் இஸ் எ மெம்பர் ஆஃப்' பெட்டியோ இருப்பவர்களோடு சேர்க்க மட்டும் செய்யும். முதல் பெட்டியில் உதவி மேசைக் (ஹெல்ப்டெஸ்க்) குழுவை மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனால், பாலிசி 90 நிமிடத்துக்கு ஒருமுறை, கூடவே 30 நிமிடம் வரை தள்ளிப்போய், புதுப்பிக்கப்படும்போது, எல்லாக் கணினிகளிலும் மற்றவர்கள் காணாமல் போயிருப்பார்கள். பேக்கப் மென்பொருளின் கணக்கும் அதில் அடிபட்டு, அன்றிரவு பேக்கப் ஓடாது. எழுதும் முன் எல்லாக் கணினிகளின் தற்போதைய பட்டியலைச் சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினால் அந்த நொடியே உரிமை போய்விடாது. குழு விவரம் லாகின் செய்யும்போதே அவருடைய டோக்கனில் (அந்த லாகினுக்கு விண்டோஸ் தரும் உரிமைச் சீட்டில்) பதிவாகிறது. அவர் லாக் ஆஃப் செய்யும்வரை பழைய உரிமையோடுதான் இருப்பார். ஏற்கெனவே வாங்கிய கெர்பரோஸ் டிக்கெட்டின் இயல்பான ஆயுள் 10 மணி நேரம். வேலையை விட்டுப் போகிறவர் விஷயத்தில் வரிசை இதுதான்: கணக்கை முடக்குங்கள், குழுக்களிலிருந்து நீக்குங்கள், சர்வர்களில் திறந்து கிடக்கும் அவருடைய ரிமோட் செஷன்களை வெளியேற்றுங்கள், பிறகு டாஸ்க் ஷெட்யூலரிலும் சர்வீஸ்களிலும் அவர் பெயரில் எது ஓடுகிறது என்று பாருங்கள். கடைசியைத் தவிர்த்தால் மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலை ஓடாமல் நிற்கும். அதை ஓட வைக்க அவர் கணக்கையே மறுபடி திறந்துவிடுவார்கள்.

உள்ளேயே வேறு பிரிவுக்கு மாறியவரை நீக்கும்போது வேறொரு சிக்கல் வரும். டொமைன் அட்மின்ஸ் போன்ற குழுக்களில் இருந்த கணக்குகளில் அட்மின்கவுண்ட் என்ற புலத்தில் 1 என்று எழுதி, அனுமதி மேலிருந்து இறங்குவதையும் ஆக்டிவ் டைரக்டரி துண்டித்து வைத்திருக்கும். 60 நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் சரிபார்க்கவும் செய்யும். குழுவிலிருந்து எடுத்தாலும் இந்த இரண்டும் பழையபடி மாறாது. உதவி மேசை அவருடைய பாஸ்வேர்டை ரீசெட் செய்யப் போனால் அனுமதி இல்லை என்று வரும். அட்மின்கவுண்டைக் காலி செய்து, செக்யூரிட்டி டேபில் இன்ஹெரிட்டன்ஸை மறுபடி இயக்கினால் சரியாகிவிடும். காரணம் தெரியாமல் உதவி மேசை ஆட்களுக்கு இன்னும் பெரிய உரிமை கொடுத்து இதைத் 'தீர்த்த' இடங்களும் உண்டு.

வெளி நிறுவனத்து ஆட்களுக்கு நிரந்தரக் கணக்கு வேண்டாம். கணக்குக்குக் காலாவதித் தேதி போடும் வசதி ஆக்டிவ் டைரக்டரியில் எப்போதுமே இருக்கிறது. ஃபாரஸ்ட் (டொமைன்களின் தொகுப்பு) ஃபங்ஷனல் லெவல் 2016 என்றால், குழுவில் சேர்க்கும்போதே இரண்டு மணி நேரம் என்று கெடு வைத்துச் சேர்க்கலாம். நேரம் முடிந்ததும் தானே நீங்கிவிடும், கெர்பரோஸ் டிக்கெட்டும் அந்தக் கெடுவைத் தாண்டாது. இதற்கு ஒரு கூடுதல் வசதியை இயக்க வேண்டும். இயக்கினால் திரும்ப அணைக்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

லோக்கல் அட்மின் குழுவில் ஒருவரைச் சேர்த்தால் செக்யூரிட்டி லாக் என்ற பதிவேட்டில் 4732 என்ற எண்ணில் பதிவு விழும், நீக்கினால் 4733. டொமைன் அட்மின்ஸ் போன்ற குளோபல் குழு என்றால் 4728, யுனிவர்சல் குழு என்றால் 4756. மேசைக் கணினியின் 4732 அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். அங்கே அந்தப் பதிவேட்டின் இயல்பு அளவு 20 எம்பி. நிரம்பியதும் பழையது அழியும். அட்மினாக நுழைந்தவனால் மொத்தத்தையும் துடைக்கவும் முடியும். அதனால் இந்தச் சில எண்களையாவது விண்டோஸில் உள்ளேயே இருக்கும் ஈவென்ட் ஃபார்வர்டிங்கில் ஒரு சர்வருக்கு அனுப்பி வையுங்கள். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், கடிகாரங்கள் தேசிய நேரச் சர்வரோடு ஒத்திருக்க வேண்டும். எந்தக் கணினியில் யார் எப்போது அட்மின் ஆனார் என்று சொல்ல முடியாத அலுவலகத்தால் 6 மணி நேரத்தில் உருப்படியாக எதைத் தெரிவிக்க முடியும்? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது.

லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டே செய்தி. யூசரை ஒரு குழுவில் சேர்க்க யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி மட்டும் போட்டு, முன்னால் சின்ன ஏ போடாவிட்டால், அவர் இருந்த மற்ற துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கப்பட்டுவிடுவார். ஒரே நிர்வாகி தன்னையே இப்படி சூடோ (முழு உரிமையோடு கட்டளை இயக்க அனுமதிக்கும்) குழுவிலிருந்து வெளியேற்றிக்கொள்ள முடியும். அடுத்தது, டாக்கர் (கன்டெய்னர் மென்பொருள்) குழுவில் இருப்பவர், லினக்ஸின் முழு உரிமைக் கணக்கான ரூட்டுக்குச் சமம். சூடோ பட்டியலை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

குறைக்கிறோம் என்று ஒரே ஆளிடம் கொண்டுபோய் நிறுத்துவதும் ஆபத்து. 2008-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்தின் நெட்வொர்க்குக்கான பாஸ்வேர்டுகள் ஒரே பொறியாளரிடம் இருந்தன. அவர் தர மறுத்துக் கைதானார். கடைசியில் மேயர் சிறைக்கே போய் வாங்கி வர வேண்டியிருந்தது. யாருடைய பெயரிலும் இல்லாத இரண்டு அவசரக் கணக்குகள், நீண்ட பாஸ்வேர்டு, முத்திரையிட்ட உறை, மேலாளரின் பெட்டகம். உறை பிரிக்கப்பட்டால் பாஸ்வேர்டு மாற வேண்டும். அந்தக் கணக்கில் லாகின் நடந்தால் உடனே இரண்டு பேருக்கு எச்சரிக்கை போக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றால் உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள்.

இவையெல்லாம் அலுவலகத்துக்குள் ஒருவர் செய்யக்கூடியவை. அவர் கைக்கு எட்டாதது ஒன்று, மென்பொருள் வாங்கும் இடம். 'எங்கள் மென்பொருளுக்கு அட்மின் ரைட்ஸ் வேண்டும்' என்று விற்பவர் சொன்னால், வாங்கி முடித்த பிறகு சர்வர் பார்க்கும் ஊழியரால் மறுக்க முடிவதில்லை. அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், கூட்டுறவு வங்கிகள், கல்லூரிகள் ஆகியவை தங்கள் டெண்டரிலும் பர்ச்சேஸ் ஆர்டரிலும் இதைச் சேர்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்: 'நிறுவும்போது தவிர மற்ற எந்த நேரத்திலும் மென்பொருள் சாதாரண யூசர் கணக்கில் முழுமையாக இயங்க வேண்டும், தரவு புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும், ஏற்பு சோதனை சாதாரண யூசர் கணக்கிலேயே நடக்கும், தேறாவிட்டால் பணம் நிறுத்தி வைக்கப்படும்.' ஆண்டுத் தணிக்கைக்கு வருபவர்களும் ஆன்ட்டிவைரஸ் உரிமத் தேதியோடு, குலுக்கிப் போட்டு எடுத்த பத்துக் கணினிகளின் அட்மின் குழுப் பட்டியலையும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அனுமதி தந்தவரின் கையெழுத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
மதுரை, திண்டுக்கல் பகுதி அலுவலகங்களில் சர்வர் பராமரிப்புப் பணி பார்க்கும் சிலர்